முழங்காலுக்குக் கீழே

மதியம் ஒன்று ஐம்பது. அரசு மருத்துவமனையின் முதல் மாடி. கூட்ட அரங்கில் பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிச் சுவரோரம் தள்ளியிருக்கிறார்கள். நடுவில் வெறும் தரை. வழுக்கும் டைல்ஸ். ஒரு மூலையில் மாப் போட்ட ஈரம் காயவில்லை.

மேடைக்குப் பின்னால் ஃபிளெக்ஸ் பேனர். 'பெண் பணியாளர்களுக்கான தற்காப்புப் பயிற்சி முகாம்.' பேனரின் இடது ஓரத்தில் வெள்ளைக் கராத்தே உடையில் ஒரு பெண். இடுப்பில் கறுப்புப் பட்டை. வலது கால் தலைக்கு மேல் நிற்கிறது.

கதவில் சுற்றறிக்கை. கடைசிப் பத்தி: 'பங்கேற்பாளர்கள் தளர்வான உடை அணிந்து வருதல் வேண்டும்.'

காலை டூட்டி ஒன்றரைக்கு முடிகிறது. பயிற்சி இரண்டுக்குத் தொடங்குகிறது. தளர்வான உடை வீட்டில் இருக்கிறது. வீடு சேரன்மகாதேவியில், அம்பாசமுத்திரத்தில், இன்னும் இரண்டு பஸ் மாறிப் போகும் ஊர்களில்.

வேலைக்கு வந்த உடையிலேயே வருகிறார்கள்.

இளைய நர்ஸுகளுக்கு வெள்ளைச் சுடிதார், மேலே வெள்ளைக் கோட்டு. மூத்தவர்களுக்கு வெள்ளைச் சேலை. தோளில் ஊக்கு, இடுப்பில் ஊக்கு, கொசுவத்தில் ஊக்கு. கொண்டைக்கு வலை. தூய்மைப் பணியாளர்களுக்கு நீலச் சேலை. அதற்கு மேல் ஆண்கள் அளவில் தைத்த கோட்டு. கைகள் விரல்நுனி வரை வருகின்றன, மடித்து விட்டிருக்கிறார்கள். லேப் பெண் கையுறையைக் கழற்ற மறந்து வந்து, வாசலில் கழற்றிப் பைக்குள் திணிக்கிறாள். செக்யூரிட்டி பெண் ஒருத்திக்குத்தான் பேண்ட். இடுப்பில் பெல்ட், தோளில் விசில் கயிறு. சமையற்கூடத்திலிருந்து இரண்டு பேர். முந்தானையை இடுப்பில் செருகியபடி வருகிறார்கள். சாம்பார் வாசனையும் வருகிறது.

வாசலில் செருப்புகள் சேர்கின்றன. வெள்ளை ஷூக்கள் ஒரு பக்கம். ரப்பர் செருப்புகள் ஒரு பக்கம். யாரும் பிரித்து வைக்கவில்லை.

ஒரு நர்ஸ் டிபன் பாக்ஸைத் திறந்து மூன்று வாய் சாப்பிட்டு மூடுகிறாள். நைட் டூட்டி முடித்தும் வீட்டுக்குப் போகாத ஒருத்தி நாற்காலி அடுக்கில் தலை சாய்த்துத் தூங்குகிறாள். யாரும் எழுப்பவில்லை.

பயிற்சியாளரும் பெண். நாற்பது வயது இருக்கும். கறுப்பு டிராக் சூட். எல்லோரும் மாஸ்டர் என்கிறார்கள். தோள்பையைத் தரையில் வைக்கிறார். திறந்த ஜிப்பில் மடித்த வெள்ளை உடை தெரிகிறது. அதை எடுக்கவில்லை.

"கைய மேல தூக்குங்க."

கைகள் தோள்வரை போகின்றன. அதற்கு மேல் ரவிக்கை விடவில்லை. எங்கோ ஒரு தையல் பிரியும் சத்தம். இருபது பேர் தத்தம் அக்குளைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறார்கள். ஒரு ஊக்கு திறந்து தரையில் விழுகிறது. விழுந்த இடத்தைச் சுற்றி வட்டமாக விலகுகிறார்கள். ஊக்கு கிடைக்கும்வரை பயிற்சி நிற்கிறது.

"இப்ப உதை."

மாஸ்டர் உதைத்துக் காட்டுகிறார். கால் நெஞ்சு உயரத்துக்குப் போய்த் திரும்புகிறது. டிராக் சூட் துணி சட்டென்று ஒலிக்கிறது.

சுடிதார்கள் இடுப்பு உயரம் போகின்றன. சேலைகள் கணுக்காலில் தொடங்கி முழங்காலில் முடிகின்றன. நீலச் சேலைக்காரர் ஒருவர் கொசுவத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு உதைக்கிறார். பக்கத்தில் நிற்பவர் அவர் தோளைப் பிடித்துக்கொள்கிறார். இருவரும் சேர்ந்து சாய்கிறார்கள். சிரிப்பு.

மாஸ்டர் சிரிக்கவில்லை. சேலையின் கரையைப் பார்க்கிறார்.

"யாராவது ஒரு சேலை குடுங்க."

தூய்மைப் பணியாளர் அறையிலிருந்து ஒரு மாற்றுச் சேலை வருகிறது. பினாயில் வாசனை. மாஸ்டர் டிராக் சூட்டுக்கு மேலேயே அதைச் சுற்றுகிறார். நான்கு பேர் உதவுகிறார்கள். கொசுவம் வைப்பவர் ஒருவர். ஊக்கு குத்துபவர் ஒருவர். மூன்றாமவர் கரையை இழுத்து விடுகிறார். நான்காமவர் தள்ளி நின்று, சரியா என்று பார்க்கிறார்.

மாஸ்டர் உதைக்கிறார். கால் முழங்கால் உயரத்தில் நிற்கிறது. மறுபடி. கொசுவம் பெருவிரலில் மாட்டுகிறது. ஒற்றைக்காலில் தத்திச் சமாளிக்கிறார்.

சேலையை அவிழ்க்காமலே கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுக்கிறார். வரிசை எண் போட்ட பட்டியல். பேனாவால் ஒரு வரியை அடிக்கிறார். கீழே இன்னொன்றை. அதன் கீழே இன்னொன்றை.

"முழங்காலுக்குக் கீழதான் இனி. அவன் பாதம். கணுக்கால். முன்னெலும்பு."

குதிகாலால் தரையில் மிதிக்கச் சொல்கிறார். மிதிக்கிறார்கள். மெட்டிகள் டைல்ஸில் ஒலிக்கின்றன. இது எல்லோருக்கும் வருகிறது.

நிற்கும் முறை: இடது கால் அரை அடி முன்னால். முழங்கால் லேசாக மடங்கி. கைகள் நெஞ்சுக்கு முன்னால், உள்ளங்கை விரித்து. எதிராளிக்கும் தனக்கும் நடுவே இரண்டு கை நீளம்.

"முஷ்டி மடக்காதீங்க. மடக்கினா சண்டைக்கு வாரோம்னு அர்த்தம். விரிச்சு வெச்சா, சமாதானம் பேசுறீங்கன்னு நினைப்பான். அடிக்கவும் அந்தக் கைதான்."

உள்ளங்கையின் அடிப்பகுதியைத் தட்டிக் காட்டுகிறார். விரல் எலும்பு உடையாது. மறுநாள் ஊசி போட வேண்டும், பக்கெட் தூக்க வேண்டும்.

மணிக்கட்டுப் பிடிக்கு ஆள் தேவைப்படுகிறது. ஆண் வார்டு ஊழியர் ஒருவரை அழைத்து வருகிறார்கள். ஐம்பதைத் தாண்டியவர். காக்கிச் சட்டை. கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வருகிறார். மூத்த நர்ஸின் மணிக்கட்டை இரண்டு விரலால் தொடுகிறார்.

"கெட்டியாப் பிடிங்கண்ணே."

"பிடிச்சிருக்கேன் மாஸ்டர்."

"இன்னும்."

மூன்றாவது விரல் சேர்கிறது. "தப்பா எடுத்துக்காதீங்க சிஸ்டர்" என்கிறார். நர்ஸ் கையை உதறவில்லை. வழக்கமாக நடப்பதுபோல் நடந்து போகிறார். பிடி தானாக விடுபடுகிறது. கைதட்டல். வார்டு ஊழியர் கும்பிட்டுவிட்டு வெளியேறுகிறார். கதவுக்கு அந்தப் பக்கம் போனதும் நெற்றியைத் துடைக்கிறார்.

இனி ஒருவர் கையை ஒருவர்.

"பிடிச்ச கையில இந்தப் பக்கம் நாலு விரல். அந்தப் பக்கம் ஒண்ணே ஒண்ணு. கட்டைவிரல்தான் கதவு. அந்தப் பக்கம் இழுங்க."

இழுக்கிறார்கள். நர்ஸின் கையை நர்ஸ் பிடிக்கிறாள். நீலச் சேலையின் கையை நீலச் சேலை. மாஸ்டர் ஜோடிகளைக் கலைத்து மாற்றுகிறார். சமையற்கூடத்துப் பெண் ஒரு நர்ஸின் மணிக்கட்டைப் பிடிக்கிறாள். நர்ஸால் விடுவிக்க முடியவில்லை. மறுபடி முயல்கிறாள். தினமும் பெரிய அண்டாவில் சோறு கிண்டும் கை. மாஸ்டர் வந்து நர்ஸின் முழங்கையை மட்டும் திருப்பி வைக்கிறார். கை வெளியே வருகிறது. கண்ணாடி வளையல் ஒன்று உடைகிறது.

"நல்லதுதான்" என்கிறாள் உடைந்த வளையலின் சொந்தக்காரி. துண்டுகளைப் பொறுக்கி ஜன்னல் விளிம்பில் வைக்கிறாள்.

அடுத்தது முடி. பின்னாலிருந்து கொண்டையைப் பிடித்தால் இழுத்துக்கொண்டு ஓடக்கூடாது. பிடித்த கையை இரண்டு கைகளாலும் தலையோடு சேர்த்து அழுத்த வேண்டும். வேர் வலிக்காது. பிறகு திரும்பலாம். பதினைந்து பெண்கள் தங்கள் தலையில் தாங்களே கை வைத்து அழுத்திக்கொண்டு நிற்கிறார்கள். கொண்டை வலைகள் கழுத்தில் தொங்குகின்றன.

பிறகு கழுத்து. மாஸ்டர் வரிசையாக நடக்கிறார். அடையாள அட்டை நாடா. தாலிக்கொடி. ஸ்டெதாஸ்கோப். விசில் கயிறு. துப்பட்டா. ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுப் போகிறார். எதுவும் சொல்லவில்லை.

ஒரு அடையாள அட்டை நாடாவைப் பிடித்துப் பின்னால் மெல்ல இழுக்கிறார். நாடா அறவில்லை. கழுத்து பின்னால் போகிறது. இழுத்தால் தானாகக் கழன்றுகொள்ளும் கொக்கி வைத்த நாடா கடையில் கிடைக்கிறது. மருத்துவமனை கொடுத்தது இது. நல்ல நாடா. இரட்டைத் தையல்.

நாடாக்கள் கழற்றப்படுகின்றன. ஊக்குகள் இடம் மாறுகின்றன. கொசுவத்தில் இருந்தது சட்டைப்பைக்கு வருகிறது. அட்டைகள் மார்பில் குத்தப்படுகின்றன. தாலிகள் ரவிக்கைக்குள் போகின்றன. துப்பட்டாக்கள் நாற்காலி அடுக்கின் மேல் குவிகின்றன. தூங்கிக்கொண்டிருந்தவள் எழுந்து, குவியலைப் பார்த்து, தன் துப்பட்டாவையும் கழற்றி அதன்மேல் போடுகிறாள். வரிசையில் கடைசியாகப் போய் நிற்கிறாள்.

மூன்று மணி. படிக்கட்டில் வேகமான காலடிகள். "அதிகாரி வர்றார்." துப்பட்டாக்கள் குவியலிலிருந்து மறைகின்றன. அடையாள அட்டைகள் கழுத்துக்குத் திரும்புகின்றன.

அதிகாரி வருகிறார். மாஸ்டருக்குச் சால்வை. ஒரு கைதட்டல். புகைப்படக்காரர் பேனருக்கு முன்னால் இரண்டு வரிசை நிறுத்துகிறார். வெள்ளைச் சேலை முன்னால். நீலச் சேலை பின்னால்.

"எல்லாரும் முஷ்டிய மடக்குங்க."

மடக்குகிறார்கள்.

"மாஸ்டர், நீங்க மட்டும் கால் தூக்குங்க. பேனர்ல இருக்க மாதிரி."

மாஸ்டர் சேலையை அவிழ்த்து மடித்துக் கொடுக்கிறார். கால் தூக்குகிறார். ஒரு படம். இன்னும் கொஞ்சம் மேலே. இன்னொரு படம். அதிகாரியும் ஒரு முஷ்டியை மடக்கிப் பார்த்து, கட்டைவிரலை உள்ளே வைப்பதா வெளியே வைப்பதா என்று தெரியாமல் கையை இறக்குகிறார். அடுத்த கூட்டம் மூன்றேகாலுக்கு. போகிறார்.

அட்டைகள் மறுபடி கழுத்திலிருந்து இறங்குகின்றன.

சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலிருந்து வந்த பெண் வக்கீலுக்குப் பத்து நிமிடம். கறுப்புக் கோட்டு. கழுத்தில் வெள்ளைப் பட்டை. அவரும் வேலை உடையில்தான் இருக்கிறார். மைக் வேலை செய்யவில்லை.

"தற்காப்பு உரிமை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துல 96லேர்ந்து 106 வரைக்கும் பிரிவுகள். 2024 ஜூலை 1லேர்ந்து பாரதிய நியாய சன்ஹிதா. அதுல 34லேர்ந்து 44. பாலியல் வன்கொடுமை செய்யுற எண்ணத்தோட தாக்குனா, ஆசிட் வீச வந்தா, தடுக்குறப்ப எதிராளி செத்தாலும் 38ஆம் பிரிவு பாதுகாக்கும்."

எண்களை ஒருத்தி உள்ளங்கையில் எழுதிக்கொள்கிறாள்.

"மத்தபடி, தற்காப்புக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவுதான். அதுக்கு மேல போகக்கூடாது."

பின்வரிசையிலிருந்து கேள்வி. "எவ்வளவு தேவைன்னு யாரு சொல்லுவா மேடம்?"

"கோர்ட்டு."

கேட்டவர் தலையாட்டுகிறார். உட்காருகிறார்.

அரங்கின் பக்கச் சுவரில் மூன்று பலகைகள். முதல் பலகை மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவது குற்றம் என்கிறது: தமிழ்நாடு சட்டம் 48/2008, பிணையில் வெளிவர முடியாது. எழுத்துகள் சிவப்பு. இரண்டாவது, பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013-இன்படி அமைத்த உள்ளகப் புகார்க் குழு. தலைவரின் பெயர் மாற்றலாகிப் போனவருடையது. அதன்மேல் வெள்ளை பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். புதுப் பெயர் எழுதவில்லை. அவசர உதவிக்கு 181 என்பது மட்டும் தெளிவாக இருக்கிறது. மூன்றாவது பலகை நீலம். ஒரு பெண் உதட்டில் விரல் வைத்திருக்கிறாள். 'அமைதி காக்கவும்.'

மாஸ்டர் அந்தப் பலகைக்கு முதுகு காட்டி நிற்கிறார்.

"இப்ப முக்கியமானது. கத்தணும்."

யாரும் கத்தவில்லை.

"வயித்துலேர்ந்து. 'தள்ளி நில்லு.' ரெண்டே வார்த்தை. ஐயோ அம்மா வேண்டாம். 'தள்ளி நில்லு.'"

முதல் நர்ஸ் சொல்கிறாள். "தள்ளி நில்லுங்க."

"நில்லு."

"நில்லு" என்கிறாள் நர்ஸ், அடுத்த கட்டிலின் நோயாளிக்குக் கேட்காத குரலில். இரண்டாமவள் தொடங்கிச் சிரித்துவிடுகிறாள். மூன்றாமவள் கண்ணை மூடிக்கொள்கிறாள். வாய் திறக்கிறது. காற்று வருகிறது. நீலச் சேலையில் ஒல்லியான ஒருவர். ஐம்பது வயது. வரிசை தன்னிடம் வருவதற்கு முன்பே தலைகுனிந்து நிற்கிறார். முறை வருகிறது. தொண்டையைச் செருமுகிறார். இரண்டாவது முறை செருமுகிறார். "எனக்கு வராது மாஸ்டர்" என்கிறார். அது நன்றாகக் கேட்கிறது.

செக்யூரிட்டி பெண்ணின் முறை. "தள்ளி நில்லு!"

ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. எல்லோரும் ஒரு அடி பின்வாங்குகிறார்கள். அவளே வாயைப் பொத்திக்கொள்கிறாள்.

கதவு திறக்கிறது. பக்கத்து வார்டிலிருந்து ஓர் ஊழியர். "ஆபரேஷன் முடிஞ்சவங்க தூங்குறாங்க. சத்தம் கொறைங்க."

மாஸ்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கிறார். யோசிக்கிறார்.

"சரி. சத்தமில்லாமக் கத்துங்க."

இருபத்தைந்து வாய்கள் திறக்கின்றன. கழுத்து நரம்புகள் புடைக்கின்றன. வயிறு உள்ளே போகிறது. கைகள் விரிகின்றன. குதிகால்கள் மிதிக்கின்றன. மின்விசிறியின் சத்தம் கேட்கிறது. கதவுச் சந்தில் நின்று பார்க்கும் ஒரு நோயாளியின் மகன் செல்போனை எடுக்கிறான். செக்யூரிட்டி பெண் வாய் திறந்த நிலையிலேயே அவனைப் பார்க்கிறாள். செல்போன் பைக்குள் போகிறது.

மூன்றே முக்கால்.

"எங்க வெச்சுப் பயம்னு சொல்லுங்க. அங்க போய்ப் பழகுவோம்."

பதில்கள் உடனே வருகின்றன. எக்ஸ்ரே ரூம் பின்பக்க வராண்டா. சைக்கிள் ஸ்டாண்டு. பிணவறைக்குப் போகும் பாதை. ராத்திரியில் லிஃப்ட். பிரசவ வார்டு கேட். பிறகு எல்லோரும் சேர்ந்து ஒரே இடத்தைச் சொல்கிறார்கள். லேடீஸ் டூட்டி ரூம்.

போகிறார்கள். வெறுங்காலோடு, வரிசையாக. வராண்டாவில் படுத்திருக்கும் துணையாட்கள் காலை மடக்கி வழி விடுகிறார்கள்.

டூட்டி ரூம் எட்டுக்குப் பத்து. ஒரு கட்டில், ஒரு இரும்பு பீரோ. ஆணிகளில் தொங்கும் பைகள். மூன்று பேர் நின்றால் நிறைந்துவிடுகிறது. மற்றவர்கள் வாசலில் கழுத்தை நீட்டுகிறார்கள்.

மாஸ்டர் கதவைச் சாத்துகிறார். கதவு மெல்லத் திறந்துகொள்கிறது. மறுபடி சாத்துகிறார். உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்க வேண்டிய இடத்தில் நான்கு திருகாணித் துளைகள். துளைகளைச் சுற்றி மட்டும் பெயிண்ட் புதிதாக இருக்கிறது.

"உடுப்பு மாத்துறப்ப?"

"ஒருத்தி வெளிய நிப்போம்."

"தனியா டூட்டின்னா?"

ஒரு நர்ஸ் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்துக் காட்டுகிறாள். வெளியிலிருந்து ஒருத்தி தள்ளுகிறாள். நாற்காலி டைல்ஸில் வழுக்கிக் கட்டில் வரை வருகிறது. கீச்சென்ற சத்தம்.

"சத்தமாவது கேக்கும்லா" என்கிறாள் நாற்காலி வைத்தவள்.

ஓய்வுக்கு இரண்டு வருடமே இருக்கும் வெள்ளைச் சேலை நர்ஸ் கட்டிலில் உட்காருகிறார். குரலை உயர்த்தவில்லை. 1973 நவம்பர், பம்பாய் கே.இ.எம். ஆஸ்பத்திரி, டூட்டி முடித்து உடை மாற்றப் போன அருணா ஷான்பாக், தாக்கியவன் அங்கேயே வேலை பார்த்த வார்டு பாய். 2015 வரை அதே ஆஸ்பத்திரிக் கட்டிலில். குளிப்பாட்டி, ஊட்டிவிட்டவர்கள் அங்கே வேலை பார்த்த நர்ஸுகள். "படிக்கிறப்ப எங்க டியூட்டர் சொன்னாங்க" என்று முடிக்கிறார்.

"கல்கத்தா" என்கிறாள் ஓர் இளைய நர்ஸ். "2024 ஆகஸ்ட். கொலையான அந்த டாக்டர் டூட்டிக்கு நடுவுல ரெஸ்ட் எடுத்தது செமினார் ஹால்ல."

மாஸ்டர் கையிலிருக்கும் பட்டியலை நான்காக மடித்துப் பையில் வைக்கிறார். அறையை அளக்கிறார். உதைக்க இடமில்லை. இரண்டு கை நீளம் இல்லை. முழங்கைக்கு இடம் இருக்கிறது. குதிகாலுக்கு இருக்கிறது. பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவே ஒவ்வொருவராக நிறுத்துகிறார். பின்னாலிருந்து பிடிக்கிறார். மிதி. முழங்கை. திரும்பு. கதவு. அடுத்த ஆள். மிதி. முழங்கை. திரும்பு. கதவு. பீரோவில் முழங்கை இடித்து இரண்டு பேர் முகம் சுளிக்கிறார்கள். மூன்றாமவள் இடிக்காமல் திரும்புகிறாள். அதற்கடுத்தவர்கள் மூன்றாமவளைப் பார்த்துத் திரும்புகிறார்கள்.

ஒல்லியான நீலச் சேலைக்காரர் தன் முறை முடிந்ததும் மறுபடி வரிசையின் கடைசியில் போய் நிற்கிறார். இரண்டாவது தடவை மாஸ்டரின் பிடி கழன்றபோது மாஸ்டர் ஒரு அடி தள்ளாடுகிறார். "மன்னிச்சிருங்க மாஸ்டர்." "எதுக்கு?" அவரிடம் பதில் இல்லை. மூன்றாவது தடவைக்கும் வரிசையில் நிற்கிறார்.

நான்கு மணி. கருத்துப் படிவம். ஒரு தாள், இரு பக்கம். பயிற்சி பயனுள்ளதாக இருந்ததா? ஆம், இல்லை. பயிற்சியாளர் புரியும்படி விளக்கினாரா? ஆம், இல்லை. மேலும் எவ்வகைப் பயிற்சி தேவை? கீழே மூன்று கோடுகள். பேனாக்கள் கைமாறுகின்றன. முதுகுகள் மேசைகளாகின்றன. 'மிகவும் நன்று' என்று ஒருத்தி எழுத, அடுத்த ஏழு பேரும் அதையே எழுதுகிறார்கள்.

ஒல்லியானவர் எழுதச் சற்று நேரம் ஆகிறது. எழுத்துக்கூட்டி எழுதுகிறார். முடித்ததை ஒருமுறை வாசித்துப் பார்க்கிறார்.

வாசலில் கிளார்க் மேசை போட்டுப் படிவங்களை வாங்கி அடுக்குகிறார். வருகைப் பதிவேட்டில் கையெழுத்து. சான்றிதழ் பிறகு வரும். படிவங்களைப் படிக்காமலே எண்ணுகிறார். ஒன்றில் மட்டும் கண் நிற்கிறது. மூன்று கோடுகளில் முதல் கோட்டில் ஒரே வரி: 'லேடீஸ் டூட்டி ரூமுக்கு உள்தாழ்ப்பாள்.'

"இது யாரு?"

"நாந்தான் சார்."

"பயிற்சி பத்திக் கருத்து எழுதுற எடம்மா இது."

"பயிற்சி பத்தித்தான் எழுதியிருக்கேன்."

கிளார்க் கண்ணாடியை இறக்கிப் பார்க்கிறார். "தாழ்ப்பாள்லாம் இதுல வராது. கட்டட வேலை. பி.டபிள்யூ.டி.க்குத் தனியா எழுதணும். வார்டு இன்சார்ஜ் எழுதி, மேல போயி, அப்புறம் அங்க போகும்."

"அந்த ஆபீஸ் எங்கன இருக்கு?"

"எந்த ஆபீஸ்?"

"பி.டபிள்யூ.டி."

வெள்ளை ஷூக்களும் ரப்பர் செருப்புகளும் கிளம்புவதை நிறுத்துகின்றன.

"நீ ஏம்மா போற? காண்ட்ராக்ட் ஆளு. மெதுவாப் பேசு, வார்டு பக்கத்துல இருக்கு."

ஒல்லியானவர் மேசையிலிருந்து இரண்டு கை நீளம் தள்ளி நிற்கிறார். இடது கால் அரை அடி முன்னால் இருக்கிறது. கைகள் நெஞ்சுக்கு முன்னால், உள்ளங்கை விரிந்து. மடித்து விட்ட கோட்டுக் கைகள் நழுவி விரல்நுனி வரை வந்துவிட்டன. அவற்றைச் சரிசெய்யவில்லை.

கேட்ட அதே குரலில், வராண்டாக் கடைசிவரை கேட்க, மறுபடி கேட்கிறார்:

"பி.டபிள்யூ.டி. ஆபீஸ் எங்கன இருக்கு சார்?"